கூப்பன் தீர்ந்தது, முட்டையைச் சாப்பிட்டது யார்?

போன வாரம் பெங்களூரு அல்சூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஏழு மாதக் கர்ப்பிணி, ஹீமோகுளோபின் 8.4. ஒரு தொண்டு நிறுவனம் மாதாமாதம் தரும் சத்துணவுக் கூப்பனில் 30 முட்டை, பாசிப்பருப்பு, வேர்க்கடலை எல்லாம் தவறாமல் வாங்கியிருக்கிறார். “முட்டை சாப்பிடுறியாம்மா?” என்றேன். “குழம்பு வைப்போம்க்கா” என்றார். மாமியார் தண்ணீர் பிடிக்க வெளியே போனதும் குரலைத் தாழ்த்தினார். “அவருக்கு ரெண்டு, பசங்களுக்கு ஒண்ணொண்ணு. எனக்குக் குழம்பு இருக்கும்.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு மனசு வெந்துபோய்தான் எழுதுகிறேன். இப்படிப்பட்ட திட்டங்களை மதிப்பீடு செய்வது என் வேலை. கொடுத்த கூப்பன் எல்லாம் கடையில் மாறிவிட்டது, ஆகவே திட்டம் வெற்றி என்று அறிக்கை வருகிறது. இல்லவே இல்லை. கூப்பன் மாறியது என்றால் சீட்டு கடைக்காரர் கைக்குப் போனது, அவ்வளவுதான். அதற்கு முட்டை கொடுத்தாரா, எண்ணெயும் சர்க்கரையும் கொடுத்தாரா என்று சீட்டு சொல்லாது. முட்டையே வீட்டுக்கு வந்தாலும் யார் தட்டில் விழுந்தது என்று சொல்லாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருத்திக்கான சாமான் ஐந்தாகத்தான் பிரியும். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க எந்தத் தாய் தனியாகச் சாப்பிடுவாள்? அதை யோசிக்காமல் கூப்பனின் அளவை முடிவு செய்தது நம் தப்பு.

கர்நாடகத்தில் 2017-இல் தொடங்கிய மாத்ருபூர்ண திட்டத்தில் கர்ப்பிணிகள் மதியச் சாப்பாட்டை அங்கன்வாடியிலேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று வைத்தார்கள். தட்டு அவள் முன்னாலேயே இருக்கும். ஆனால் வீட்டுவேலைக்கும் கார்மெண்ட்ஸுக்கும் போகிறவர்கள் அந்த நேரத்தில் எப்படி வருவார்கள்? அதனால் கூப்பன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காக அளந்து பாருங்கள் என்கிறேன்.

தாயைத் தனியாகக் கேளுங்கள். “நல்லா சாப்பிடுறீங்களா?” என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்பார்கள். நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து வாயில் போட்டதை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கூப்பனுக்கு என்ன கொடுக்கிறார்கள் என்று கடையில் போய் உட்கார்ந்து பாருங்கள். அப்புறம், ஹீமோகுளோபினை முன்னும் பின்னும் எடுத்து ஒப்பிட்டால் மட்டும் போதாது. கர்ப்பத்தின் நடுவில் ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடுவதால் நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் அது கொஞ்சம் இறங்கும். கூப்பன் வாங்காத, அதே மாதக் கர்ப்பிணிகளோடு வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கர்ப்பிணிக்கு இந்த மாதங்களில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. 8.4 முட்டையால் மட்டும் ஏறாது, டாக்டரிடம் கூட்டிப் போங்கள். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்பது சுத்தப் பொய். அந்த மாத்திரையைக் காபி, டீயோடு கொடுக்காதீர்கள், சத்து உடம்பில் சரியாக ஒட்டாது.

கிளம்பும்போது அந்த மாமியாரின் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன்: “அம்மா, காலையில் ஒரு முட்டையைத் தனியா அவிச்சு, உங்க கண் முன்னாடியே அவளைச் சாப்பிட வைங்க. மிச்சத்தைக் குழம்புல போடுங்க.”