சுவிசேஷம்: சொல்லும் பொருளும்

பெங்களூரில் எங்கள் தெருமுனை பேக்கரிக்காரர் மலையாளி. டீ ஆற்றிக்கொண்டே 'எந்தா விசேஷம்?' என்பார். வீட்டில் கல்யாணமா, காதுகுத்தா என்று அவர் கேட்கவில்லை. என்ன சேதி என்றுதான் கேட்கிறார். கிறிஸ்தவர்கள் சொல்லும் சுவிசேஷம் என்ற சொல் எனக்குப் பிடிபட்டது அந்த டீக்கடையில்தான்.

வடமொழியில் 'சு' என்றால் நல்ல, 'விசேஷம்' என்றால் தனிச்சிறப்பு. தெற்கே அது சேதி என்ற பொருளையும் சேர்த்துக்கொண்டது. இன்றைய தமிழருக்கோ விசேஷம் என்றால் பந்தலும் பந்தியும். புதுப்பெண்ணிடம் 'ஏதாவது விசேஷம் உண்டா?' என்று கேட்கும் அத்தைமார் வாயில் மட்டும் அந்தச் 'சேதி' கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

புதிய ஏற்பாட்டில் இதன் மூலச்சொல் கிரேக்கம்: எவாங்கெலியோன். 'எவ்' நல்ல, 'அங்கெலோஸ்' தூதன். முதலில் அது சேதியைக்கூடக் குறிக்கவில்லை. நல்ல சேதி கொண்டுவந்தவனுக்குத் தரும் வெகுமதியைக் குறித்தது. இஸ்ரவேல் அரசன் சவுல் செத்தான் என்று தாவீதிடம் ஓடிவந்தவன் எதிர்பார்த்தது அதைத்தான். கிடைத்தது மரணம் (2 சாமுவேல் 4:10). அந்த இடத்தில் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு போட்டிருப்பது இதே சொல். அப்புறம் அது அரசாங்கச் சொல்லும் ஆனது. கி.மு. 9ஆம் ஆண்டின் பிரியேனே (இன்றைய துருக்கியில் இருந்த பழைய கிரேக்க நகரம்) கல்வெட்டு, அகஸ்துஸ் பேரரசர் பிறந்த நாளை நற்செய்திகளின் தொடக்கம் என்கிறது. இயேசுவின் கதையை எழுதிய மாற்கு தன் நூலின் முதல் வரியிலேயே அந்தச் சொல்லை எடுத்து இயேசு என்ற ஒரு தச்சருக்குக் கொடுத்துவிட்டார்.

சரி, அந்தச் சேதிதான் என்ன? இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் சுருக்கமாகச் சொல்கிறார் (1 கொரிந்தியர் 15): கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். எல்லாம் இறந்தகாலம். இப்படி நட, அப்படி நட என்று ஒரு வார்த்தை இல்லை. மனந்திரும்புங்கள், நம்புங்கள் என்பதெல்லாம் சேதியைக் கேட்டவர் செய்யவேண்டியது. நம் ஊர்ப் பேச்சில் சுவிசேஷம் என்றாலே மைக் செட்டும் பிரசங்கமும் என்று ஆகிவிட்டதால் இந்த வேறுபாடு மங்கிவிட்டது. மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் எழுதிய நான்கு நூல்களுக்கும் இதே பெயர்தான். தமிழ் முஸ்லிம்கள் இன்ஜீல் என்பதும் இந்தக் கிரேக்கச் சொல்லின் வழி வந்ததே.

சீர்திருத்த (புரோட்டஸ்டண்ட்) சபைகளின் பழைய வேதாகமத்தில் சுவிசேஷம். கத்தோலிக்கர் வழிபாட்டில் நற்செய்தி. சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழ்ப் பூசையில் நற்செய்தி வாசகம் என்பது கன்னடப் பூசையில் சுபசந்தேஷ. கன்னட சீர்திருத்த சபையார் சுவார்த்தெ என்பார்கள்.

என் ஓட்டு நற்செய்திக்கு. காரணம் 'செய்' என்ற வேர். புறநானூறு 34ஆம் பாட்டில் 'செய்தி' என்றால் தகவல் அல்ல, ஒருவர் செய்த நன்மை. பவுலின் இறந்தகாலத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கஷ்டம்.

சுவரில் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை: 'நற்ச்செய்தி' வேண்டாம். ற் பக்கத்தில் இன்னொரு ச் வராது.