பிள்ளைகள் வளர்ந்தபின் வீட்டுக் கிறிஸ்துமஸ்

டிசம்பர் பிறந்தால் மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளைப் பக்கம் வாசலுக்கு வாசல் நட்சத்திரம் தொங்கும், இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் எழும். குடும்பநல ஆலோசகரான என்னிடம் அந்த மாதம் வரும் அம்மாக்களுக்குப் பெரும்பாலும் ஒரே வருத்தம்தான். "பிள்ளை இப்பம் குடில் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டேங்கான் மேடம்."

பதின்மூன்று, பதினான்கு வயதில் மனசு கூட்டாளிகள் பக்கம் சாய்வது வளர்ச்சியின் ஒரு கட்டம். பாசம் போய்விட்டதாகப் பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். அப்புறம் திட்டு, பழைய வருடத்தோடு ஒப்பீடு. பிள்ளை அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றி. பையனுக்குப் பதினைந்து வயது. சின்ன வயதிலிருந்தே தேங்காய்ச் சிரட்டையில் நெல் பாவி, முளைத்த பச்சையைக் குடிலைச் சுற்றிப் புல்லாக வைப்பது அவன் வேலை. அந்த வருடம் நெல்லைத் தொடவே இல்லை. அம்மா அழுதே விட்டார். விசாரித்தால், சாயங்காலமெல்லாம் ஆலயத்து இளைஞர்களோடு நின்று பெரிய குடிலுக்கு சீரியல் பல்பு மாட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "வீட்டு நட்சத்திரத்துக்கும் நீயே வயர் இழு மக்களே, எங்க தொங்கணும்னு நீயே பாரு" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். மாமரத்து உச்சியில் கட்டினான். நெல் பாவும் பக்குவத்தைத் தங்கைக்கு அவனே சொல்லிக்கொடுத்தான். எங்கே கட்டுவது என்ற முடிவை அவனிடம் விட்டதுதான் இதில் பெரிய விஷயம். ஏழு வயதில் கொடுத்த வேலையையே பதினைந்திலும் நீட்டினால் எந்தப் பிள்ளையும் வாங்காது.

வழக்கம் மாறுவது புதிதும் இல்லை. 1223-ல் இத்தாலியின் கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் அசிசி உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். சிரட்டை நெல்லெல்லாம் பின்னால் நம் ஊர் சேர்த்தது. மூங்கில் சிம்பில் வண்ணத்தாள் ஒட்டிய நட்சத்திரம் போய் எல்.இ.டி. வந்ததையும் நாம் ஏற்றுக்கொண்டோம்தானே?

மகளுக்குக் கல்யாணமாகிவிட்டால், தலைக் கிறிஸ்துமஸ் எந்த வீட்டில் என்பதை நவம்பரிலேயே சம்பந்தி வீட்டாரோடு பேசி முடித்துவிடுங்கள். கடைசி நாளில் அவளை நடுவில் நிறுத்த வேண்டாம்.

மகன் துபாயில் இருந்தால், டிசம்பர் 25 அங்கே அரசு விடுமுறை இல்லை. "ஒருநாள் லீவு போட முடியாதா" என்ற கேள்வி அவனை நோகடிக்கும். ஊருக்கு வருகிறவர்கள் திரும்பும்போது முந்திரிக்கொத்து கொடுத்தனுப்பலாம். இங்கே இரவு 12 என்றால் அங்கே 10.30, பேசவும் முடியும். ஆப்பமும் கோழிக்கறியும் அவன் லீவில் வரும் நாளுக்குத் தள்ளிப்போகட்டும், அன்றைக்கு எல்லாரும் கூடினால் போதும்.

பிள்ளைகள் இல்லாத வீட்டில் பெற்றோருக்கு மனசு கனப்பது இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416-ஐ எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.