ஓரடித் தாரும் நான்கு வரிசைச் செங்கலும்

சில ஆண்டுகளுக்கு முன், சென்னையில் ஒரு குறுக்குத் தெருவுக்குப் புதிதாகத் தார் போடுவதற்கு முன்பு சோதனைக்குழி வெட்டினோம். ஓரடிக்கும் மேலாக வெறும் தார்க்கலவைதான். அடுக்கின்மேல் அடுக்கு, நடுவே மெல்லிய புழுதிக்கோடு. பக்கத்து மேன்ஹோலின் கழுத்தைப் பார்த்தேன். சாலை உயரும்போதெல்லாம் மூடியைத் தூக்கிவைக்க ஒரு வரிசைச் செங்கல் அடுக்கிப் பூசியிருந்தார்கள். நான்கு வரிசை இருந்தது. எதிர்வீட்டு அம்மா குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "கல்யாணமாகி வந்தபோது ஒரு படி ஏறி வீட்டுக்குள் போனேன் தம்பி, இப்போது ஒரு படி இறங்கிப் போகிறேன்" என்றார். மழைநீர் உள்ளே வராமலிருக்க வாசலில் சிறு திட்டு கட்டியிருந்தார்.

அந்தக் குழிக்குள் எனக்கு ஒரு கல்குவாரி தெரிந்தது. நூறு கிலோ தார்க்கலவையில் ஏறக்குறைய 95 கிலோ கல், மிச்சம்தான் தார். கல்லுக்கு வயதாவதில்லை. தார் மட்டும் வெயிலிலும் காற்றிலும் இறுகிப்போகிறது. அதையும் இளகிய ரகத் தார் சேர்த்தோ, மீட்புத் திரவம் சேர்த்தோ மீண்டும் வேலைக்குக் கொண்டுவரலாம். பழைய தார்ச்சாலையை மறுசுழற்சி செய்யும் முறைக்கு சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 2015-லேயே ஐ.ஆர்.சி. 120 என்ற நெறிமுறையை வெளியிட்டது. மேற்பரப்பைச் சுரண்டிவிட்டுத்தான் புதுச் சாலை போடவேண்டும் என்று 2021 மே மாதம் தமிழக அரசின் தலைமைச் செயலாளரும் சுற்றறிக்கை அனுப்பினார். அது நல்ல உத்தரவு. ஆனால் சுரண்டுவது பாதி வேலைதான். சுரண்டியது எங்கே போகிறது?

பதில் மதிப்பீட்டுத் தாளில் இருக்கிறது. "இடிபாடுகளை அகற்றி அப்புறப்படுத்துதல்" என்று ஒரே வரி. ஒப்பந்ததாரருக்கு டிப்பர் லாரி எவ்வளவு குறைவாக ஓடுகிறதோ அவ்வளவு லாபம். எனவே அருகிலிருக்கும் பள்ளம் நிரம்புகிறது. அது பெரும்பாலும் ஓர் ஏரியின் ஓரமாகவோ, பள்ளிக்கரணை போன்ற சதுப்பு நிலத்தின் விளிம்பாகவோ இருக்கிறது. தண்ணீர் தங்க வேண்டிய இடத்தில் கல் தங்குகிறது, அதே கல்லுக்காக இன்னொரு மலையை வெடிவைத்து உடைக்கிறோம். பயன்படுத்திய பொருளையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் சுழற்சிப் பொருளாதாரம் என்று மாநாடுகளில் பேசுகிறோமே, அது அந்த ஒற்றை வரியில்தான் அறுந்துபோகிறது. பொருள் திரும்பி வருமா வராதா என்பது வரைபடமும் மதிப்பீடும் எழுதும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது. இடிக்கும் நாளில் யாராலும் அதை மாற்ற முடியாது.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். உடைத்த கான்கிரீட்டிலிருந்து எடுக்கும் ஜல்லியை, கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணலின் இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 383, 2016 முதல் அனுமதிக்கிறது. கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம்25 தரம் (எம்-க்குப் பின்வரும் எண் கூடினால் வலிமை கூடும்) வரையிலான கம்பி கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை, எம்15-க்கும் குறைந்த தரத்தில் முழுவதுமாகவே பயன்படுத்தலாம். இந்த வரம்புக்குக் காரணம் உண்டு. பழைய ஜல்லியில் ஒட்டியிருக்கும் சிமென்ட் காரை தண்ணீரை உறிஞ்சும். முதன்முதலில் ஒரு நடைபாதையின் அடித்தளத்துக்கு இதைப் பயன்படுத்தியபோது எனக்கு அது உறைக்கவில்லை. காய்ந்த ஜல்லி தண்ணீரைக் குடித்துவிட, கலவை கெட்டியானது. கொத்தனார் இன்னும் இரண்டு வாளி ஊற்றினார். 28-ஆம் நாள் சோதனையில், அதற்கென வார்த்த கான்கிரீட் கட்டைகள் பலம் காட்டவில்லை, எல்லாவற்றையும் பெயர்த்தெடுத்தோம். அதன்பின் ஜல்லியை முந்தின நாளே நனைத்துவைக்கச் சொல்கிறேன். குறை ஜல்லியில் இல்லை, தெரிந்துகொள்ளாமல் இறங்கிய என்னிடம் இருந்தது.

இன்னொன்று, கலப்படம். நாளொன்றுக்கு 20 டன்னோ, மாதத்துக்கு ஒரு திட்டத்தில் 300 டன்னோ இடிபாடு வந்தால் கான்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–காரை என்று நான்காகப் பிரிக்க வேண்டும் என்று 2016-இல் வந்த மத்திய அரசு விதிகள் கூறின. சென்னையில் பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் இடிபாடுகளை மறுசுழற்சி செய்யும் ஆலைகள் வந்தன. ஆனால் ஜிப்சம் பலகையும் மண்ணும் பிளாஸ்டிக்கும் ஒன்றாய்க் குழைந்து போய்ச் சேர்ந்தால், எந்த ஆலையும் அதிலிருந்து நல்ல ஜல்லி எடுத்துத் தராது.

பழைய சுண்ணாம்புக் காரை வீடு இடிபடுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? சித்தாள் அம்மா செங்கலைக் கையிலெடுத்துக் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவார். காரை பொலபொலவென்று உதிரும், செங்கல் முழுசாக அடுக்குக்குப் போகும். சிமென்டில் கட்டியதில் காரைக்கு முன்னால் செங்கல் உடையும். சிமென்டை விட்டுவிடச் சொல்லவில்லை. இணைப்பு எப்படியோ அப்படித்தான் பொருளின் மறுபிறவி. அதனால்தான் குழாயும் கேபிளும் அடிக்கடி தோண்டப்படும் சந்துகளுக்கு, கான்கிரீட் சாலைக்குப் பதிலாக மணல்மேல் பதிக்கும் பேவர் பிளாக் போடுங்கள் என்று வாதாடுகிறேன். பெயர்த்து, வேலையை முடித்து, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். வடிகால் மூடிகளைக் கழற்றக்கூடிய பலகைகளாகவும், சிறு நடைமேம்பாலங்களை வெல்டிங்குக்குப் பதில் போல்ட் இணைப்பிலும் வரைகிறேன்.

மதிப்பீட்டில் அந்த ஒற்றை வரியை இப்போது மூன்றாக உடைத்து எழுதுகிறேன்: வகை பிரித்து எடுப்பதற்குத் தனி விலை, ஆலையில் எடைபோட்டு வாங்கிய ரசீது இருந்தால் மட்டுமே பணம், மீட்ட பொருளில் எவ்வளவு இதே வேலைக்குள் திரும்ப வரவேண்டும் என்ற அளவு. முதல் கூட்டத்தில் எல்லோரும் முகம் சுளிப்பார்கள். இரண்டாவது லாரி ரசீதோடு திரும்பிய பிறகு அந்தப் பேச்சு எழுவதில்லை.

அந்தத் தெருவில் பழைய தாரைச் சுரண்டி, மேன்ஹோல் கழுத்தில் இரண்டு வரிசைச் செங்கலைக் குறைத்து, மெல்லிய புது அடுக்குப் போட்டோம். வாசலும் சாலையும் ஒரே மட்டத்துக்கு வந்தன. மறுவாரம் போனபோது, அந்த அம்மா தன் வாசல் திட்டை இடித்துக்கொண்டிருந்தார். சிமென்டில் கட்டியது. ஒரு செங்கல்கூட முழுசாக வரவில்லை.