கதீட்டரா, சலக்குழாயா, வடிகுழாயா?

பெரியம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்து ஒப்பரேசன் நடந்தபோது வாட்டில் அவருக்குத் துணையாக நான்தான் நின்றேன். பார்க்க வந்த ஊர்ச்சனம் எல்லாம் கட்டிலோரம் தொங்கியதைப் பார்த்துவிட்டு "பை போட்டிருக்கு" என்றார்கள், நானும் வீட்டுக்குப் போன் எடுத்து அப்படித்தான் சொன்னேன். நாலாம் நாள் குளிரோடு காய்ச்சல் வந்து, சலத்தில் (சிறுநீரில்) கிருமி என்று ஊசி மருந்து தொடங்கியபோதுதான் சலத்தை வடிக்க உள்ளே ஒரு குழாய் கிடக்கிறது என்ற விசயமே எனக்கு உறைத்தது. அதை ஒப்பரேசன் முடிந்த மறுநாளே எடுத்திருக்கலாம் என்று பிறகு ஒரு டொக்டர் சொன்னார். ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, ஏனென்றால் அந்தப் பொருளுக்கு என் வாயில் ஒரு பெயரே இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அதன் பெயர் கதீட்டர். கிரேக்கச் சொல். 'கத்தா' என்றால் கீழே, 'ஹியெனாய்' என்றால் அனுப்புதல். சேர்த்தால் உள்ளே இறக்கும் பொருள் என்று வரும். லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து எங்கள் வாட்டுகளுக்கு வந்திருக்கிறது. பழைய காலத்தில் உலோகக் குழலை உள்ளே விட்டு, அடைபட்ட சலத்தை இறக்கியதும் வெளியே எடுத்துவிடுவார்கள். நாட்கணக்கில் வழுவாமல் உள்ளேயே தங்குகிற இன்றைய வகை 1930களில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஃபோலி உருவாக்கியது. நுனியில் ஒரு சின்னப் பலூன் இருக்கும், உள்ளே போனதும் அதற்குள் 10 மில்லிலீற்றர் அளவு தண்ணீரை ஏற்றிவிட்டால் குழாய் வழுக்கி வராது. (அதனால்தான் நோயாளி தானாக இழுக்கக் கூடாது, ஊதிய பலூன் சலவழியைக் கிழித்துவிடும்.) வழுவாமல் தங்குவதுதான் அதன் நன்மை, மறந்துபோவதற்கும் அதுவே காரணம். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், குழாய் போட்ட நோயாளிகளில் 100க்கு 28 பேருக்கு அது போட்டிருப்பதே அவர்களைப் பார்த்த மருத்துவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? செருகுகுழாய் என்று ஒரு சொல் இருக்கிறது, வடிகுழாய் என்று இன்னொன்று. இரண்டும் ஊறுகாய் போல வினைத்தொகைதான். செருகுகுழாய் கிரேக்கச் சொல்லைப் போலவே உள்ளே விடும் செயலோடு நின்றுவிடுகிறது. வடிகுழாய் அப்படி அல்ல, அந்தக் குழாய் செய்கிற வேலையைச் சொல்கிறது. மாரியில் இரணைமடுக் குளத்து வான் கதவு திறந்த நாட்களில் "வெள்ளம் வடிஞ்சிட்டுதோ?" என்று கேட்டு வளர்ந்த எங்களுக்கு வடிதல் என்ற சொல்லுக்குள்ளேயே ஒரு முடிவும் இருக்கிறது. கஞ்சி வடிந்ததும் பானையை நிமிர்த்துகிறோம். சலத்தை வடிக்கத் தேவை முடிந்தால் வடிகுழாய்க்கு அங்கே வேலை இல்லை என்பது யாரும் விளக்காமலே புரியும்.

ஆனால் ஒன்று, எல்லாக் கதீட்டரும் வடிப்பதில்லை. வவுனியாப் பக்கம் சிறுநீரக நோய்க்கு இரத்தச் சுத்திகரிப்புச் செய்யும் பலருக்குக் கழுத்தில் போடுகிற குழாயும் கதீட்டர்தான், இதயத்தைப் பார்க்க இரத்தக்குழாய் வழியே அனுப்புவதும் கதீட்டர்தான். அவற்றுக்குச் செருகுகுழாய் பொருந்தும். சலத்துக்குப் போடுவதை மட்டும் சலவடிகுழாய் என்போம், வாய்ப்பேச்சில் சலக்குழாய் போதும். சலம் என்றால் தமிழ்நாட்டில் சிலருக்குச் சீழ் நினைவுக்கு வரலாம், சொல்லின் முதற்பொருள் நீர். எங்கள் பக்கம் சலம் போவது, சலப்பை, சல அடைப்பு எல்லாம் வீட்டுப்பேச்சு. கூச்சமில்லாமல் வாயில் வரும் சொல்தான் வாட்டில் உதவும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்த மண்ணில் இது ஒரு பெரிய காரியமே அல்ல.

இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் நாட்கணக்கு. குழாய் உள்ளே இருக்கிற ஒவ்வொரு நாளும் சலத்தில் கிருமி சேரும் வாய்ப்பு 100க்கு 3 முதல் 7 வரை கூடிக்கொண்டே போகிறது. பெரும்பாலும் நோயாளியின் சொந்தக் குடலில் இருக்கும் கிருமிதான், குழாயின் சுவரில் வழுவழுப்பான படையாக ஒட்டிக்கொண்டு மேலே ஏறும், அந்தப் படைக்குள் மருந்து இலகுவில் போகாது. வயதானவர்களுக்கு அது காய்ச்சலோடு நிற்காமல் புத்தி தடுமாறும் அளவுக்கும் போகலாம். அதோடு, கட்டையில் கட்டிய மாடு மாதிரி ஆள் கட்டிலை விட்டு எழும்பமாட்டார். அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டி, ஒப்பரேசனுக்குப் போட்ட குழாயை, வைத்திருக்கத் தகுந்த காரணம் இல்லையென்றால், கூடியமட்டும் 24 மணித்தியாலத்துக்குள் எடுக்கச் சொல்கிறது. சல அடைப்பு, சலவழியிலேயே செய்த ஒப்பரேசன், மணிக்கு மணி சலம் அளக்க வேண்டிய கடும் வருத்தம், இவையெல்லாம் தகுந்த காரணம். கட்டில் நனையும், தூக்கிக்கொண்டுபோக ஆள் இல்லை என்பது காரணம் ஆகாது, அதற்குப் போத்தல் இருக்கிறது, பெட்பான் இருக்கிறது, கொமட் கதிரை இருக்கிறது.

முள்ளந்தண்டு வடம் அடிபட்டு, போருக்குப் பிறகு சக்கர நாற்காலியில் வாழ்கிற எங்கள் ஆட்களின் கதை வேறு. அவர்களில் பலருக்குக் குழாய் வாழ்நாள் துணை. அவர்களுக்குக்கூட, கைக்கு இயலுமென்றால், சில மணித்தியாலத்துக்கு ஒருமுறை தாமே சுத்தமாக விட்டு வடித்து உடனே எடுக்கும் முறை, நிரந்தரமாக வைத்திருப்பதைவிட நல்லது என்றுதான் மருத்துவர்கள் சொல்கிறார்கள்.

ஐந்தாம் நாள் காலை ரவுண்ட்ஸ் வந்தபோது, "டொக்டர், அம்மாவின் சலக்குழாய் இன்னும் தேவையா?" என்று கேட்டேன். அட்டையைப் பார்த்துவிட்டு எடுக்கச் சொன்னார். பலூன் தண்ணீரை ஊசிக்குழாயால் இழுத்து எடுத்த தாதி, ஆறு மணித்தியாலத்துக்குள் சலம் போகாவிட்டால் தன்னைக் கூப்பிடும்படி சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் பெரியம்மா ஒரு கையால் வோக்கரையும் மறுகையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு கொமட் கதிரைவரை நடந்து போனார். சலத்தை அளந்து பார்த்து 300 மில்லிலீற்றர் என்று தாளில் எழுதினார்கள்.