வெடிக்குப் பயப்படாத வெள்ளைக் குட்டி

குலசேகரத்துக்கு மேற்கே ரப்பர்த் தோட்டம் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் போன் செய்தார். "சாரே, நம்ம பட்டிக்குட்டிக்கு ஒரு பேடியும் கெடையாது. கோயில் கொடைக்குக் கதினா வெடி போட்டாவ. அடுத்த வீட்டு நாயெல்லாம் கட்டிலுக்கு அடியில போயி ஒளிஞ்சுது. இது மட்டும் திண்ணையில கெடந்து சொகமா உறங்குது. ராஜபாளையம் சாதின்னா இப்பிடித்தானா? கொஞ்சம் வெளக்கி எழுதுங்க."

எங்கள் கன்னியாகுமரி ஜில்லாவின் மேற்குப் பக்கத்தில் நாய்க்குப் பட்டி என்றுதான் பேர். கிழக்கே இருக்கிற தோவாளைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்.

குட்டி என்ன நிறம் என்று கேட்டேன். பால் வெள்ளை, ஒரு பொட்டுகூடக் கிடையாது என்றார். மூக்கு? நல்ல ரோஸ். அதற்காகவே ரெண்டாயிரம் கூடக் கொடுத்து வாங்கினாராம். எனக்கு அப்போதே சந்தேகம். காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா என்றேன். மனிதருக்குக் கோபம். போனைக் கீழே வைத்துவிட்டு, எவர்சில்வர் தட்டு ஒன்றைத் தரையில் போட்டார். அந்தச் சத்தம் எனக்கே கேட்டது. "முழிச்சிட்டு சாரே!" என்றார் வெற்றிக் களிப்போடு.

சிமெண்டுத் தரையில் தட்டு விழுந்தால் அதிர்வு தரைவழியே குட்டியின் வயிற்றுக்குப் போய்விடும். அது காதுக்கான பரிசோதனை ஆகாது. மெத்தையை மடித்துப் போட்டு அதில் உறங்க வையுங்கள். நன்றாக அசந்த பிறகு தலைக்குப் பின்னால், காற்றுகூடப் படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள் என்றேன். கூடப் பிறந்த குட்டிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. மற்றவை எழுந்தால் செவிட்டுக் குட்டியும் கூடவே எழுந்து ஓடும். விற்கிற இடத்தில் யாருக்கும் தெரியாமல் போவது இதனால்தான்.

மறுநாள் சாயங்காலம் குரல் இறங்கியிருந்தது. சாவிக்கு அசையவில்லை. அடுப்படியில் குக்கர் மூணு விசில் அடித்தது, அதற்கும் இல்லை.

வெள்ளை நிறத்துக்கும் காதுக்கும் தொடர்பு உண்டு என்பது பழைய சங்கதி. நீலக்கண் பூனைகள் செவிடு என்று 1859-லேயே டார்வின் எழுதிவிட்டார். காரணம் அவருக்குத் தெரியாது. காரணத்தைத் தெரிந்துகொண்டபோது நான் ஒரு ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முடிக்குக் கறுப்பும் பழுப்பும் தருவது மெலனின், அதைச் செய்கிறவை நிறமிச் செல்கள் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தச் செல்கள் தோலில் பிறப்பதில்லை என்பதைப் பாடம் அவ்வளவாகச் சொல்வதில்லை. தாய் வயிற்றில் கரு சின்னஞ்சிறு புழுவாக இருக்கும்போது, முதுகுத்தண்டு அமையப்போகிற வரியின் மேல்விளிம்பில் ஒரு கூட்டம் செல்கள் திரளும். நரம்பு முகடு என்று இதற்குப் பெயர். அங்கிருந்து செல்கள் இரண்டு பக்கமும் இறங்கி உடம்பெங்கும் பரவுகின்றன. நரம்பாக மாறுகிறவை சில, முக எலும்பாகிறவை சில, நிறமிச் செல்லாகிறவை சில.

முதுகிலிருந்து புறப்பட்டால் எது ரொம்பத் தூரம்? நெஞ்சு, அடிவயிறு, பாதம், வால்நுனி, மூக்குநுனி. தக்கலை பஸ் ஸ்டாண்டில் டீக்கடை வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருக்கும். நாலு பாதமும் காலுறை போட்டதுபோல வெள்ளை, நெஞ்சில் ஒரு வெள்ளைக் கீற்று, வால்நுனியில் வெண்ணெய் தொட்டது மாதிரி ஒரு துளி. நிறமிச் செல்கள் போய்ச் சேராத கடைசி ஊர்கள் இவை. இனி எந்தப் பசுவையும் பூனையையும் குதிரையையும் பார்த்தாலும் உங்கள் கண் இதைத்தான் தேடும்; எனக்கு அப்படி ஆகிவிட்டது. செல்கள் மெதுவாக நடப்பதால்தான் எட்டவில்லை என்று ரொம்ப காலம் நினைத்திருந்தார்கள். 2016-ல் பிரிட்டன் ஆராய்ச்சியாளர்கள் எலிக் கருவில் பார்த்தபோது விஷயம் வேறு மாதிரி இருந்தது. செல்கள் குறி எதுவும் இல்லாமல் கால்போன போக்கில்தான் அலைகின்றன. வழியில் போதிய அளவு பெருகாததால் ஆள் போதாமல் போகிறது. வெள்ளைத் திட்டு அங்கேதான் விழுகிறது. ஆக, முழு வெள்ளை நாய் என்றால், பெரும்பாலும் நிறமிச் செல் எங்குமே போதிய எண்ணிக்கையில் வந்து சேராத நாய்.

இதில் காது எங்கே வந்தது? இப்படி அலைகிற செல்களில் கொஞ்சம் உள்காதுக்குள்ளும் போய்ச் சேருகின்றன. இருட்டறையான உள்காதில் நிறத்துக்கு என்ன வேலை? நிறத்துக்கு ஒரு வேலையும் இல்லை, அந்தச் செல்லுக்குத்தான் வேலை.

பேச்சிப்பாறை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தண்ணீர் தேங்கி நிற்பதால்தான் ஷட்டரைத் தூக்கியதும் கால்வாயில் பாய்கிறது. நத்தைச் சுருளான உள்காதில் ஒரு திரவம் நிறைந்த அறை உண்டு. உடம்பில் பொதுவாகச் செல்லுக்கு வெளியே சோடியம் மிகுதி, பொட்டாசியம் கொஞ்சம்தான். இந்த அறையில் மட்டும் தலைகீழ், பொட்டாசியம் நிரம்பி வழியும். அறையின் மின்னழுத்தமும் கூடுதல், ஏறக்குறைய 80 மில்லிவோல்ட். இதுதான் அணை. ஒலி வந்து உணர்மயிர்ச் செல்களின் நுனியை ஆட்டும்போது அதில் உள்ள நுண்ணிய கதவு திறக்கிறது. தேங்கி நிற்கிற பொட்டாசியம் மடைதிறந்தாற்போல உள்ளே பாய்கிறது, செல் விழிக்கிறது, நரம்புக்குச் சேதி போகிறது. கதவு ஷட்டர் வேலை மட்டும்தான் பார்க்கிறது. உந்துவிசை அணையிலிருந்து வருகிறது.

இந்த அணையை ராப்பகலாக நிரப்பி வைப்பது அறைச் சுவரில் உள்ள ஸ்ட்ரையா வாஸ்குலாரிஸ் என்ற பட்டை. அந்தப் பட்டையின் நடுவரிசையில் உட்கார்ந்து மின்னழுத்தத்தை உண்டாக்குகிறவர் யார் தெரியுமா? முதுகிலிருந்து அலைந்து வந்த அதே நிறமிச் செல். தோலில் பெயிண்டர், காதில் அணைக் காவலர்.

அவர் வந்து சேராவிட்டால் அணை நிரம்பாது. நாய்க்குட்டிக்குப் பிறந்து ஏறக்குறைய ரெண்டு வாரத்தில்தான் காதுத் துளை திறக்கும். அடுத்த சில வாரங்களுக்குள் அந்தப் பட்டை சுருங்கி, பின்னாலேயே உணர்மயிர்ச் செல்களும் செத்துப்போகின்றன. செத்தவை திரும்ப முளைக்காது. மருந்து, எண்ணெய், மந்திரித்த கயிறு எதுவும் உதவாது.

வெள்ளை நாய் எல்லாம் செவிடா என்றால், இல்லை. வெள்ளையில் இரண்டு வகை உண்டு. மூக்கும் கண்ணிமை விளிம்பும் கருகருவென்று இருந்து முடி மட்டும் வெளுத்திருந்தால், பெரும்பாலும் செல்கள் வந்து உட்கார்ந்திருக்கின்றன, முடிக்குக் கறுப்பு ஏற்றவில்லை, அவ்வளவுதான். இவற்றுக்குப் பொதுவாகக் காதில் குறை இருப்பதில்லை. அல்பினோ விலங்குகளும் அப்படித்தான்: செல் இருக்கிறது, மெலனின் செய்யும் நொதி மட்டும் இல்லை, காது கேட்கும். மூக்கும் இமையும் சேர்ந்து ரோஸாக இருக்கிற வெள்ளையில், செல்லே வந்து சேராத வகையாக இருக்குமோ என்று கூடுதலாகச் சந்தேகப்பட வேண்டும். நம் சந்தை விலை கூட்டிக் கேட்பதும் அதையேதான்.

ராஜபாளையத்தில் முன்பெல்லாம் ஒரு ஈத்தில் கறுப்பு, செவலை, புள்ளிக் குட்டிகளும் விழும். வெள்ளை மோகத்தில் கலர்க் குட்டிகளைப் பிறந்த அன்றே கொன்றுவிடும் வழக்கம் இருந்தது. நிறத்தைக் கழிக்கிறோம் என்று நினைத்துக் காதை நன்றாக வளர்க்கும் மரபணுக்களையும் சேர்த்துக் கிணற்றில் போட்டார்கள். காட்டுப்பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் பேர்போன இனம் இது. காவல் நாய்க்குக் காது இல்லாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? 2005-ல் இதற்கு அஞ்சல் தலை வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலிப் பேச்சில் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் பேர் சொல்லிப் புகழ்ந்தார். பேர் பரவினால் விலை ஏறும். விலை ஏறினால் படத்தில் பார்த்த மாதிரி வேண்டும் என்று கேட்பவர்கள் கூடுவார்கள். படத்தில் காது கேட்காததா தெரியப்போகிறது?

நம்மைவிடப் படித்த ஊர்களும் இதில் சறுக்கியிருக்கின்றன. டால்மேஷியன் குட்டி வெள்ளையாகவே பிறக்கும், புள்ளிகள் ரெண்டு வாரம் கழித்துத்தான் தெளியும். சில குட்டிகள் மட்டும் காதிலோ கண்ணைச் சுற்றியோ பெரிய கறுப்புத் திட்டோடு பிறக்கும். நிறமிச் செல் தாராளமாக வந்த குட்டிகள் இவை. இவற்றில் செவிடு குறைவு. ஆனால் நாய்க் கண்காட்சி விதிப்படி திட்டு இருந்தால் தகுதியே கிடையாது, அதனால் அவற்றை இனப்பெருக்கத்துக்கு எடுப்பதில்லை. அமெரிக்க டால்மேஷியன்களில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்கு ஒரு காதாவது கேட்காது. விதி எழுதியவர்கள் யாரும் நாய்க்குக் கெடுதல் நினைத்தவர்கள் இல்லை, அழகாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தார்கள்.

பரிசு வாங்கிய ஒரே ஆண் நாயை ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்ப்பது, பிறகு அதன் பிள்ளைகளுக்குள்ளேயே இணை சேர்ப்பது, நெருங்கிய உறவில் ஒளிந்திருந்த குறைகள் வெளியே வருவது: இதெல்லாம் சொந்தத்தில் கல்யாணம் பற்றி ஆயிரம் தடவை கேட்ட கதைதான், நீட்டவில்லை. பக் நாய் பற்றியும் ஒரு வரி. நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. மூக்குக்குள் சுருண்டிருக்கும் ஈர எலும்புகள் வழியாகவும் நாக்கு வழியாகவும் நீர் ஆவியானால்தான் சூடு இறங்கும். மூக்கையே தட்டையாக்கிவிட்ட நாயை, சட்டை உடம்போடு ஒட்டும் நாகர்கோவில் புழுக்கத்தில் வளர்க்கிறோம். அது குறட்டை விடுவதை வீடியோ எடுத்துச் சிரிக்கிறோம். காசு கொடுத்து மூச்சுத்திணறல் வாங்குவது என்று இதைச் சொல்லலாம்.

நகம் எண்ணி ராசி பார்த்து நாய் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வெள்ளை வீட்டுக்கு லட்சுமி, மூக்கில் கறுப்பு இருந்தால் தரித்திரம் என்று ஒரு தரகர் என் முன்னாலேயே சொன்னார். பைரவருக்கு வாகனமே கறுப்பு நாய்தானே அண்ணாச்சி என்று கேட்டதற்கு, அது கோயிலுக்கு, இது வீட்டுக்கு என்றார். வாயடைத்துப் போனேன்.

என் ஆதங்கம் வேறு ஒன்று. பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க ஆஸ்பத்திரிகளில் பெரா சோதனை செய்கிறார்கள். காதில் டிக் டிக் என்று ஒலி கொடுத்து, மண்டைத் தோலில் வைத்த மின்முனைகளால் மூளைத்தண்டின் அலையைப் பதிவது. நாய்க்குட்டிக்கும் இதே சோதனைதான், ஆறாவது வாரத்தில் செய்யலாம். சாவிக்கொத்தால் பிடிக்க முடியாத ஒன்றை இது பிடிக்கும்: ஒரு காது மட்டும் செவிடான குட்டி. அது கூப்பிட்டால் வரும், ஓடும், குரைக்கும். சத்தம் எந்தத் திசை என்பதில் மட்டும் தடுமாறும். நல்ல நாய் என்று நம்பி அதைச் சேர்ப்பார்கள், செவிட்டுக் குட்டிகள் இன்னும் கூடும். நாட்டு நாய்களைக் காப்போம் என்று விழா எடுக்கிற பணத்தில், குட்டி வளர்ப்பவர்கள் கொண்டுவந்து பார்த்துப் போகிற மாதிரி மாவட்டத்துக்கு ஒரு பெரா கருவியும் அதை இயக்க ஓர் ஆளும் வைத்தால் என்ன? கண்காட்சிக் கோப்பைக்கு முன்னால் அந்தச் சான்றிதழைக் கேட்கலாமே. தோல் நிறத்துக்கு மார்க் போட நமக்கு நீதிபதிகள் தாராளமாகக் கிடைக்கிறார்கள்.

குலசேகரத்துக்காரரிடம் குட்டியைத் தள்ளிவிட வேண்டாம் என்று சொன்னேன். கையசைவுக்கும் டார்ச் வெளிச்சத்துக்கும் செவிட்டு நாய் அழகாகப் பழகும். உறங்கும்போது திடீரென்று தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், அதனால் தரையை லேசாகத் தட்டி எழுப்ப வேண்டும். ரோட்டுப் பக்கம் கயிறில்லாமல் விடக் கூடாது. இதை இணை சேர்த்துக் குட்டி எடுக்கவே கூடாது.

நாலு நாள் கழித்து மறுபடியும் போன். தோட்டத்துக்குக் காவலுக்கு இன்னொன்று வேண்டுமாம், விற்றவரிடமே போயிருக்கிறார். வெள்ளை எல்லாம் போய்விட்டது, வலது காதிலும் கண்ணைச் சுற்றியும் கறுப்புத் திட்டு விழுந்த குட்டி ஒன்று மட்டும் கிடக்கிறது, யாரும் எடுக்காததால் பாதி விலைக்குத் தருகிறாராம். திட்டு இருப்பதால் மட்டும் நம்பிவிட முடியாது, உறங்க வைத்துப் பாருங்கள் என்றேன். போனைக் காதில் வைத்துக்கொண்டே காத்திருந்தேன். ரப்பர் இலை மிதிபடும் சத்தம், யாரோ "மிண்டாத நில்லு" என்று பையனை அதட்டுவது, பிறகு சாவிக்கொத்து ஒரு குலுக்கு.

"தலைய தூக்கி எனக்க பக்கம் திரும்பிட்டு சாரே" என்றார்.