'ஆம்' என்று குத்துவதற்கு முன்னால்

வேலையிடப் பாகுபாட்டு வழக்குகளைப் பார்க்கும் வக்கீல் நான். அதனால் டெக்சாஸின் ஹூஸ்டனில் தேர்தல் நெருங்கினால் போதும், மாதிரி வாக்குச்சீட்டின் படம் வாட்ஸப்பில் வந்துவிடும். "சார், இந்த ப்ரொபசிஷனுக்கு (மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யும் கேள்விக்கு) ஆமாவா, வேண்டாமா?" எதற்குப் போடவேண்டும் என்று நான் சொல்வதில்லை. 'ஆம்' ஜெயித்தால் என்ன ஆகும் என்று திருப்பிக் கேட்பேன். பலர் தலைகீழாகத்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, இந்த ஊரின் கதை அப்படி.

1997இல் எட்வர்ட் ப்ளம் (பின்னாளில் ஹார்வர்டு மாணவர் சேர்க்கையில் இனம் பார்ப்பதை எதிர்த்து வழக்கு நடத்திய அதே ஆள்தான்) கையெழுத்து திரட்டி நகரத்தின் அடிப்படைச் சட்டமான சாசனத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நகராட்சி வேலையிலும் ஒப்பந்தத்திலும் இனம், பாலினம் பார்த்து யாருக்கும் பாகுபாடு காட்டக்கூடாது, யாருக்கும் முன்னுரிமையும் தரக்கூடாது என்றது அவருடைய வாசகம். இதற்கு யார்தான் மாட்டேன் என்பார்கள்? மேயர் பாப் லேனியர் தரப்பு விடவில்லை. பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் வேலையிலும் ஒப்பந்தத்திலும் வாய்ப்பைக் கூட்டித் தரும் அஃபர்மேட்டிவ் ஆக்‌ஷனை நிறுத்தலாமா என்று வாக்குச்சீட்டில் கேட்டார்கள். சட்டப்படி விளைவு கிட்டத்தட்ட ஒன்றுதான், கேள்விதான் வேறு. சுமார் 55 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், திருத்தம் தோற்றது. வாசகச் சண்டை டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் வரை போனது. என்னைக் கேட்டால் இரண்டு வாசகமுமே விளம்பரம்தான்.

அதற்கு முன்பே, 1985இல், நகராட்சி வேலையில் பாலின ஈர்ப்பை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்ற விதியை ஐந்தில் நான்கு பேர் நிராகரித்திருந்தார்கள்.

2015 இன்னும் வேடிக்கை. அனீஸ் பார்க்கர் மேயராக இருந்தபோது நகரவை நிறைவேற்றிய சம உரிமைச் சட்டம் மக்கள் முன் வந்தது. இனம், மதம், வயது, கர்ப்பம், ஊனம், ராணுவப் பணி, பாலின அடையாளம் உட்பட 15 காரணங்களை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்றது அது. நகராட்சி வேலை மட்டுமல்ல, தனியார் வேலையும் வாடகை வீடும்கூட அதற்குள் வந்தன. நகரவை முதலில் 'ரத்து செய்யலாமா' என்று கேள்வி வைத்தது. கேள்வியைத் திருப்பிப் போடு என்றது டெக்சாஸ் உச்ச நீதிமன்றம். ஆக, ஆகஸ்டு தொடக்கத்தில் 'ஆம்' என்றால் சட்டம் போகும், மாதக் கடைசியில் 'ஆம்' என்றால் சட்டம் நிற்கும்! பிரச்சாரமோ பெண்கள் கழிப்பறைக்குள் ஆண்கள் வந்துவிடுவார்கள் என்ற பேச்சைத் தாண்டவே இல்லை. சுமார் 61 சதவீத எதிர்ப்பில் சட்டம் விழுந்தது. அதோடு கர்ப்பிணிக்கும் முன்னாள் ராணுவ வீரருக்கும் இருந்த நகர அளவிலான புகார் வழியும் போனது. அதைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

சரி, நம்மவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். கேட்டி, சுகர் லேண்ட் மாதிரி பக்கத்து ஊர்களில் குடியிருந்தால் ஹூஸ்டன் நகர வாக்கெடுப்பில் ஓட்டு கிடையாது, டவுன்டவுனில் வேலை பார்த்தாலும் அப்படித்தான். தபால் முகவரியில் 'ஹூஸ்டன்' என்று இருப்பதை நம்பாதீர்கள், நகர எல்லைதான் கணக்கு. ஹூஸ்டனின் பெரும்பகுதி இருக்கும் ஹாரிஸ் கவுண்டியின் வாக்குச்சீட்டில் ஸ்பானிஷ், வியட்நாமிய மொழி, சீனம் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. குடியுரிமை வாங்கிய அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றால், படித்துக் காட்ட மகளோ பக்கத்து வீட்டுக்காரரோ கூடவே போகலாம். கூட்டாட்சிச் சட்டம் தரும் உரிமை இது. முதலாளியோ யூனியன் ஆளோ மட்டும் துணைக்கு வரக்கூடாது. உள்ளே போன் எடுக்க முடியாது, அதனால் 'ஆம் என்றால் இது' என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

அப்புறம், வேலையில் பாதிக்கப்பட்டவர்கள் "அந்தச் சட்டம்தான் தோத்துப்போச்சே, இனி என்ன கேஸ்" என்று சும்மா இருந்துவிட்டு என்னிடம் தாமதமாக வருகிறார்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு வேலையிடப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டின் கூட்டாட்சி சிவில் உரிமைச் சட்டம் பொருந்தும், நகராட்சியும் அதற்குக் கட்டுப்பட்டதுதான். பாலின ஈர்ப்பும் பாலின அடையாளமும் அதில் அடங்கும் என்று 2020இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எச்1பி விசாவில் இருப்பவரும் புகார் கொடுக்கலாம். டெக்சாஸ் சட்டப்படியான புகாருக்குப் பொதுவாக 180 நாள் கெடு, கூட்டாட்சிப் புகாருக்கு இங்கே 300 நாள். வேலையை விட்டு நிறுத்தப் போவதாக உங்களுக்குச் சொன்ன நாளிலிருந்தே அந்தக் கணக்கு ஓட ஆரம்பித்துவிடும், கடைசி சம்பளம் வந்த நாளிலிருந்து அல்ல.