எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓர் அக்கா

'படித்துக்கொண்டிருந்தாள்' என்ற சொல்லை நீங்கள் ஒரே பார்வையில் கடந்துவிட்டீர்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது 12 எழுத்து. ஒவ்வொன்றாகக் கூட்டிக்கொண்டு வரவேண்டும். நடுவில் 'கொ' வருகிறது. கொம்பு முன்னால் நிற்க, கால் பின்னால் நிற்க, ஒலி மட்டும் நடுவிலிருக்கும் ககரத்தில் தொடங்குகிறது. இதையெல்லாம் தாண்டி 'ள்' வந்து சேர்வதற்குள் முதலில் படித்த 'ப' மனதை விட்டுப் போய்விடும். திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். வாக்கியம் யாரைப் பற்றியது என்பது அதற்கும் முன்பே மறந்திருக்கும்.

நம் மனம் ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கக்கூடிய விஷயங்கள் மிகக் குறைவு. உளவியலில் இதைச் செயல் நினைவு என்கிறார்கள். எழுத்தைக் கூட்டவே அந்த இடம் முழுவதும் போய்விட்டால் பொருளைப் பிடித்துவைக்க இடம் மிஞ்சாது. 1986இல் கஃப், டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள்: எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும், கேட்டால் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விடை பூஜ்யம். நம் இரண்டாம் வகுப்புப் பிள்ளை தமிழைக் கேட்டால் நன்றாகவே புரிந்துகொள்கிறாள். அவளை மறித்து நிற்பது முதல் பாதிதான்.

அந்த முதல் பாதியைக் கடக்க ஒரே வழி, நிறையச் சொற்களைச் சத்தமாக, கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கும்போது படிப்பது. கேட்கும் ஆள் ஏன் வேண்டும் என்றால், தமிழ் எழுத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. 'பாம்பு' என்பதில் இரண்டு பகரம் இருக்கிறது, ஒலி வேறு வேறு. முதல் பகரத்தின் வல்லோசையையே இரண்டாவதற்கும் கொடுத்துப் படிக்கும் பிள்ளைக்கு, தான் படித்தது வீட்டில் எல்லோரும் பேசும் அதே பாம்புதான் என்று சட்டென்று பிடிபடாது. பக்கத்திலிருப்பவர் ஒருமுறை இயல்பாகச் சொல்லிக்காட்டினால் எழுத்தும் காதில் கேட்ட சொல்லும் ஒன்றோடொன்று பொருந்திவிடும்.

அந்த ஆள் ஆசிரியராக இருப்பதுதான் நல்லது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 நிமிடப் பாடவேளை, 30 பிள்ளைகள். வேறு எதுவும் செய்யாமல் கேட்டுக்கொண்டே இருந்தாலும் ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம் 20 நொடிதான் கிடைக்கும். அதுவும் வகுப்பே காது கொடுத்துக்கொண்டிருக்கும்போது. திணறிப் படிக்கும் பிள்ளைக்கு அந்தச் சிறிது நேரமே பெரிய தண்டனை. ஆறாம் வகுப்பிலிருந்து 30 பேர் வந்து ஆளுக்கொரு பிள்ளையோடு உட்கார்ந்தால், 15 நிமிடத்தில் எல்லோரும் 15 நிமிடம் படித்திருப்பார்கள்.

சரி, உட்கார்ந்து என்ன செய்வது? இதற்கு நன்றாகச் சோதித்துப் பார்த்த ஒரு முறை இருக்கிறது. பிரிட்டனில் 1970களில் ரோஜர் மோர்கன் தொடங்கி, பிறகு கீத் டாப்பிங் என்ற கல்வி உளவியலாளர் பள்ளிகளுக்குக் கொண்டுபோன இணை வாசிப்பு. புத்தகத்தைச் சின்னப் பிள்ளை தேர்ந்தெடுக்கும். இருவரும் சேர்ந்தே சத்தமாகப் படிக்கத் தொடங்குவார்கள், பெரியவள் சின்னவளின் வேகத்துக்குத் தன் குரலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. இனித் தனியாகப் படிக்கலாம் என்று தோன்றும்போது சின்னவள் முன்பே பேசிவைத்தபடி மேசையைத் தட்டுவாள். பெரியவள் உடனே நிறுத்திக்கொள்வாள். ஒரு சொல்லில் தடுமாறினால் பெரியவள் நான்கைந்து நொடி பேசாமல் இருப்பாள். அதற்குள் வரவில்லையென்றால் சொல்லைச் சரியாகச் சொல்வாள், சின்னவள் அதைத் திரும்பச் சொல்வாள், அப்புறம் இருவரும் மறுபடி சேர்ந்து படிப்பார்கள். அடுத்த தட்டு வரும் வரை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நான்கைந்து நொடி. டேவிட் ஷேர் என்ற ஆய்வாளர் 1995இல் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு: ஒரு பிள்ளை தானாக முயன்று ஒரு சொல்லைச் சரியாகக் கூட்டிப் படிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லின் எழுத்துருவம் மனதில் பதிகிறது. சில முறை இப்படி நடந்தால் போதும், அடுத்த முறை கூட்ட வேண்டியதில்லை, பார்த்தவுடன் வந்துவிடும். ஆகவே தடுமாறிய உடனே சொல்லை எடுத்துக் கொடுப்பவர், அன்பினால் செய்தாலும், அந்தப் பதிவு நடக்கும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறார். ரொம்ப நேரம் விட்டுவிட்டாலோ முன்னே படித்த பாதி வாக்கியம் மறந்துபோகும். நான்கைந்து நொடி என்பது இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பெரிய பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதில் கடினமானதும் இதுதான். விடை தெரிந்த 11 வயதுப் பிள்ளை வாயை மூடிக்கொண்டு இருப்பது லேசான காரியமா!

ஸ்காட்லாந்தின் ஃபைஃப் மாவட்டத்தில் 129 தொடக்கப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் இதைப் பெரிய அளவில் சோதித்தார்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகளை இணையாக்கியதை விட, மேல் வகுப்புப் பிள்ளையைக் கீழ் வகுப்புப் பிள்ளையோடு சேர்த்ததில் பலன் தெளிவாகத் தெரிந்தது. வாரம் மூன்று முறை செய்த பள்ளிகளுக்கும் ஒரு முறை செய்த பள்ளிகளுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பாடவேளைக்கு ஏற்கெனவே இழுபறியாக இருக்கும் பள்ளிகளுக்கு இது நல்ல செய்தி. வகுப்பு வேறுபாடு ஏன் உதவுகிறது என்பதை ஊகிப்பது சுலபம். தன் வகுப்புத் தோழி திருத்தினால் மானப் பிரச்சினையாகிவிடும். இரண்டு வகுப்பு மேலே படிக்கும் அக்கா திருத்தினால் அது அக்கா செய்கிற வேலை.

இதே ஃபைஃபில்தான் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரம் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளியின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ். அந்த ஊரில் பிறந்த ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் 1789இல் சென்னை எழும்பூரில், கும்பெனிப் படைவீரர்களின் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை இல்லத்தைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைப் பார்த்தார். தன் இல்லத்திலும் அப்படியே சொல்லிக்கொடுக்கச் சொன்னபோது ஆசிரியர் முடியாது என்றார். பெல் அந்த வேலையை ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயது மாணவனிடம் கொடுத்தார். அவன் செய்துகாட்டினான். நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த வேலைதான் இது. 1797இல் பெல் லண்டனில் இதைப் பற்றி எழுதி வெளியிட்டார். மெட்ராஸ் முறை என்ற பெயரில் அது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது, கனடா வரைக்கும் போனது.

பிறகு ஏன் அது மறைந்தது? ஒரு பெரிய கூடத்தில் சில நூறு பிள்ளைகள், ஒரே ஆசிரியர், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை என்று ஆகிவிட்டது. சட்டாம்பிள்ளை சொல்லச் சொல்ல வரிசை முழுவதும் திரும்பச் சொல்லும். செலவு குறைவு என்பதற்காகவே அரசுகளும் திருச்சபைகளும் அதை விரும்பின. திணறும் ஒரு பிள்ளைக்காக யாரும் நான்கைந்து நொடி காத்திருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே பிரிட்டன் அதைக் கைவிடத் தொடங்கிவிட்டது. ஆசிரியர் இடத்தை நிரப்ப மாணவரைப் பயன்படுத்துவது பற்றிய நியாயமான பயம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பயம் நமக்கும் இருக்கட்டும். ஓராசிரியர் பள்ளியில் இதைக் காட்டி இரண்டாவது ஆசிரியரைத் தராமல் விட்டால் அது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம்.

இணை வாசிப்பு எல்லா இடத்திலும் பலித்ததும் இல்லை. இங்கிலாந்தின் உயர்நிலைப் பள்ளிகளில் ஒன்பதாம் ஆண்டு மாணவர்களை ஏழாம் ஆண்டு மாணவர்களோடு சேர்த்துச் சோதித்தார்கள். 2015இல் வெளியான முடிவில் வாசிப்புத் திறன் கூடியதாகத் தெரியவில்லை. என் கணிப்பில், இந்த முறை சரிசெய்வது எழுத்துக்கூட்டும் திணறலைத்தான். 11, 12 வயதில் பெரும்பாலோருக்கு அந்தத் திணறல் முடிந்திருக்கும். அவர்களுக்கு வேண்டியது சொல்வளமும் உலக அறிவும். நம் ஊரில் இதைத் தொடங்க நினைக்கும் பள்ளிகள் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளிடம் தொடங்குவதே சரி.

இனி, மேசைக்கு மறுபக்கம் இருப்பவரைப் பார்ப்போம். 1982இல் கோஹென் என்பவரும் கூலிக் என்ற பெயருள்ள இருவரும், மாணவர் மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பது பற்றிய 65 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உதவி பெற்ற பிள்ளைகளின் பாடத்திறன் கூடியிருந்தது, எதிர்பார்த்ததுதான். உதவியவர்களின் திறனும் கிட்டத்தட்ட அதே அளவு கூடியிருந்தது. அதற்கு முன்பே, 1960களில் நியூயார்க்கில் ராபர்ட் க்ளோவர்ட் நடத்திய சோதனையில், நான்காம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உதவிய மேல்நிலை மாணவர்கள் அந்தச் சிறுவர்களை விடவும் வாசிப்பில் அதிகம் முன்னேறியிருந்தார்கள். அவர்களில் பலர் தாங்களே பின்தங்கியிருந்தவர்கள்.

காரணம் ஒன்றல்ல. பிறருக்குச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு படித்தாலே பாடம் கூடுதலாகப் பதிகிறது என்று 1980இல் பார்க், ஷுல் இருவரும் காட்டியிருக்கிறார்கள். இன்னொருத்தர் படிப்பதைப் பிழை கண்டுபிடிக்கும் காதோடு கேட்பது தன் வாசிப்பையும் கவனிக்கப் பழக்குகிறது. ஆனால் நம் நாட்டு நிலையில் எனக்கு இதைவிடப் பெரியதாகத் தெரியும் காரணம் ஒன்று உண்டு. ஊரகப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகச் சென்று சோதிக்கும் அசர் ஆய்வின் 2022ஆம் ஆண்டு முடிவின்படி, ஊரக இந்தியாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்தவர்கள் 42.8 சதவீதம்தான். மீதிப் பேர் ஆறாம் வகுப்புக்குப் போய் உட்காருகிறார்கள். அவர்களுக்கு இப்போது உண்மையில் தேவைப்படுவது இரண்டாம் வகுப்புப் புத்தகம். ஆனால் 11 வயதுப் பையன் கையில் அதைக் கொடுத்து 'படி' என்றால் அவன் கூனிக்குறுகிப் போவான், வகுப்பே சிரிக்கும். "நாளைக்குத் தம்பிக்கு நீதான் படித்துக்காட்ட வேண்டும், இன்றைக்குப் பார்த்து வைத்துக்கொள்" என்று கொடுங்கள். அதே புத்தகத்தை அவன் மூன்று முறை படித்துப் பார்ப்பான். படிப்பதற்கு அவனுக்குக் கௌரவமான ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

அதனால்தான், உதவி செய்ய முதல் மதிப்பெண் வாங்குகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுக்கும் வழக்கம் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. சின்னவளை விட இரண்டு படி மேலே இருந்தால் போதும். திணறிப் படித்த நாள் நினைவில் இருப்பவருக்குப் பொறுமையும் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் இருந்த நாட்களில் நான்கு வகுப்புப் பிள்ளைகள் கலந்து தரையில் உட்கார்ந்து, அட்டைகளை வைத்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த பழக்கம் இங்கே புதிதில்லை.

நடத்தும் ஆசிரியருக்கு வேலை குறைந்துவிடாது, வேலையின் வகை மாறுகிறது. தொடங்கும் முன் பெரிய பிள்ளைகளை ஒரு பாடவேளை உட்காரவைத்து, தட்டுவதையும் காத்திருப்பதையும் நடித்துப் பழக்க வேண்டும். யாராவது வராத நாளுக்குக் கூடுதலாக இரண்டு மூன்று பேரைத் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். படிக்கும் நேரத்தில் இணைகளுக்கு நடுவே நடந்துகொண்டே, எந்தக் குரல் அதிகம் கேட்கிறது என்று கவனித்தாலே போதும். பெரியவளின் குரலே தொடர்ந்து கேட்டால் அவள் அவசரப்பட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள், அல்லது புத்தகம் சின்னவளுக்குக் கடினமாக இருக்கிறது. முதலாவது என்றால் தோளைத் தொட்டு நினைவூட்டலாம். இரண்டாவது என்றால் அலமாரியிலிருந்து வேறொரு புத்தகத்தைச் சின்னவளே எடுத்துவரட்டும்.